தணிகையில் கேமிங் கணினி: வெயில், மின்சாரம், அப்பா ஆகிய முக்காரணிகளை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

திருத்தணியைப் பற்றி அறிஞர்கள் சொல்லாமல் விட்டது குறைவு. கச்சியப்ப முனிவர் இதற்கு ஒரு புராணமே பாடினார். அருணகிரிநாதர் வந்து பாடிவிட்டுப் போனார். முத்துசுவாமி தீட்சிதர் இம்மலையில்தான் வாயில் கற்கண்டு பெற்று முதல் கீர்த்தனையைத் தொடங்கினார் என்பது சங்கீத உலகின் நம்பிக்கை. ம.பொ.சி. எல்லைப் போராட்டம் நடத்தியதையும், 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்ததையும் இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர், ஆண்டு 1888 என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் 40,000 ரூபாய்க்குள் இந்த ஊரில் கேமிங் கணினி அசெம்பிள் பண்ண நினைக்கும் பையன் எந்தக் கிராபிக்ஸ் கார்டை வாங்குவது என்பது பற்றி இத்தனை பேரில் ஒருவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லையை முதலில் அளந்துகொள்வோம். மேற்படி தொகை பெட்டிக்கும் அதன் வயிற்றுக்குள் இருப்பவற்றுக்கும் மட்டுமே. ப்ராசசர், போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினட் என அங்கங்கள் ஏழு. இந்த ஏழும் சேர்ந்ததை ஊரில் எல்லாரும் சிபியு என்கிறார்கள். ப்ராசசர் மட்டும்தான் சிபியு என்று திருத்தப் போகிறவர் நண்பர்களை இழப்பார், ஆகவே அந்தச் சர்ச்சைக்குள் இறங்கவில்லை. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், மேசை, நாற்காலி ஆகியவை ஆய்வெல்லைக்கு வெளியே. எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதும், பில் போடாமல் கொடுத்தால் அது இல்லை என்று கடைக்காரர் சொல்வதும் கள உண்மைகள்.

அடுத்து, ஆசை பிறந்த வரலாறு. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பிளஸ் டூ படித்த அக்காவுக்கு மடிக்கணினி வந்தது. அதில் தம்பி வைஸ் சிட்டி ஆடினான். 2003இல் கணினிக்கு வந்த அந்த ஆட்டத்தை ஓட்ட, தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத அந்தக் கருவியே போதும். 2015இல் ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது. அதைப் போட்டதும் மடிக்கணினி புகைப்பட ஆல்பம் ஆனது. ஏக்கம் அன்று தொடங்கியது. பிறகு, மடிக்கணினித் திட்டம் தொடங்கிப் பதினோரு ஆண்டு கழித்து, 2022இல், அதே செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் நாணயம் தன் அடிப்படை முறையை மாற்றிக்கொண்டது. கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக அடுக்கி இரவு பகலாக அந்த நாணயத்தைத் தோண்டும் தொழில் அன்றோடு படுத்தது. ஓடிக் களைத்த கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. முதல் தேதி ஆசைக்கு வித்திட்டது, இரண்டாம் தேதி அதற்கான சரக்கை மலிவாக்கியது. இரண்டும் அண்ணா பிறந்தநாளில் அமைந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க வேறு ஆய்வாளர்களுக்கு மனம் வரலாம். எனக்கு வரவில்லை.

இத்துறையில் இதுவரை வழங்கிவரும் மதங்கள் மூன்று. முதலாவது மாமா மதம். பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் மாமா ஒருவர் குடும்பத்துக்குக் குடும்பம் உண்டு. "கண்ண மூடிக்கினு ஐ7 வாங்குடா" என்பது அவர் உபதேசம். எந்தத் தலைமுறை ஐ7 என்று கேட்டால் கோபம் வரும். ஐ7-2600 வந்த ஆண்டு 2011. ஐ7-3770 வந்த ஆண்டு 2012. "ஐ7, 16 ஜிபி ராம், கேமிங் பிசி" என்று நம்ப முடியாத விலையில் வரும் விளம்பரங்களுக்குள் படுத்திருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டுதான். விண்டோஸ் 11 இவற்றைத் தன் பட்டியலிலேயே சேர்க்கவில்லை; விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துபோனது. பெண் பார்க்கப் போனால் மூன்று தலைமுறை விசாரிக்கும் மாமா, ப்ராசசரில் ஒரு தலைமுறையும் விசாரிப்பதில்லை.

இரண்டாவது யூடியூப் மதம். இவர்களிடம் அளவைகள் உண்டு, வரைபடங்கள் உண்டு, நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு உண்டு. மூவரில் இவர்களே கற்றவர்கள். அதனால்தான் இவர்களோடு அதிகம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது ரிச்சி தெரு மதம். சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாக, நரசிங்கபுரம் தெருவோடு பின்னிக்கிடக்கும் அந்தச் சந்தையின் சித்தாந்தம் ஒரு வரியில் அடங்கும்: கடையில் இருப்பதே சிறந்தது. அங்கே நடக்கும் உரையாடல் இப்படிப் போகும்.

"அண்ணா, ரைசன் 5600 என்ன ரேட்டு?"

"பாக்ஸா, ட்ரேயா?"

"ரெண்டுக்கும் என்னண்ணா வித்தியாசம்?"

"ட்ரேன்னா கம்மி தம்பி."

இந்தப் பதிலில் துளியும் பொய் இல்லை. பெட்டி, பெட்டியோடு வரும் கூலர், நிறுவனம் தரும் வாரண்டி மூன்றுமே ட்ரேயில் கம்மிதான்.

மூன்று மதத்தாரும் விடையைப் பெட்டிக்குள்ளேயே தேடுகிறார்கள். பெட்டிக்குள் எது போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை பெட்டிக்கு வெளியே உள்ளன என்பது இக்கட்டுரையின் துணிபு. அவை வெயில், மின்சாரம், அப்பா.

முதற்காரணியாகிய வெயிலை எடுத்துக்கொள்வோம். வானிலைத் துறை வெப்பம் அளக்கும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று. மே மாத மாலைச் செய்திகளில் "அதிகபட்சமாக" என்று தொடங்கும் வாக்கியத்தில் வேலூரும் திருத்தணியும் மாறி மாறி இடம்பிடிக்கும். 40 டிகிரி இங்கே பேச்சுக்குரிய செய்தி அல்ல. 43 என்றால்தான் டீக்கடையில் தலை நிமிரும். யூடியூப் மதத்தார் கணினியைச் சோதிப்பதோ ஏசி போட்ட அறையில், 21 டிகிரியில். அவர்கள் கோட்பாடு இடறி விழுவது இந்த இடத்தில். கூலர் குளிரைத் தயாரிப்பதில்லை. ப்ராசசரின் சூட்டை வாங்கி அறைக் காற்றிடம் தள்ளிவிடும் தரகு வேலை அதனுடையது. அறையைவிட இத்தனை டிகிரி மேலே நிறுத்திக் காட்டுகிறேன் என்பதற்கு மேல் அது எந்த வாக்குறுதியும் தர முடியாது. ஆகவே, ரைசன் 5 5600 ப்ராசசர் 21 டிகிரி அறையில் 74இல் ஓடியது என்று ஒருவர் வரைபடம் காட்டினால், 38 டிகிரி அறையில் அது 91 என்று படிக்க வேண்டும். அந்த ப்ராசசருக்கு ஏஎம்டி வகுத்த உச்சம் 90. ஒரு டிகிரி மீறியதற்காக அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எதிராளி சுட்டுச் செத்தோம் என்று பையன் எண்ணிக்கொண்டிருப்பான். கொன்றது கத்திரி.

"வெயில் பகலில்தானே, பையன் ஆடுவது இரவில்தானே" என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? அவர் மாடி அறையில் படுத்தறியாதவர். பிள்ளைக்கு ஒதுக்கப்படுவது எப்போதும் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. பகல் முழுக்கத் தளம் குடித்த வெயிலை ராத்திரி பன்னிரண்டு வரை உள்ளே கக்கும். மின்விசிறி அந்தக் காற்றைக் குளிர்விப்பதில்லை, எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுகிறது. பெட்டியும் அதே காற்றைத்தான் மூச்சு வாங்க வேண்டும்.

இதிலிருந்து கேபினட் பற்றிய முடிவு தானே பிறக்கிறது. முகப்பில் கண்ணாடி பதித்து வண்ண விளக்கு எரியும் கேபினட் படத்தில் அழகு. காற்று நுழைய வழி இல்லை. சல்லடை முகப்பே இவ்வூருக்கு ஆகும். முன்னால் இரண்டு விசிறி இழுக்க, பின்னால் ஒன்று தள்ள. விசிறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். இறக்கையைத் தாங்கிப் பிடிக்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் உள்ளனவோ அந்தப் பக்கமாகக் காற்று வெளியேறும் என்று கொள்க. திருப்பி மாட்டிவிட்டுத் தல வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்கும் துணிச்சல்காரர்களும் இருக்கக்கூடும்; மலைமேல் சந்நிதிக்கு எதிரே நிற்கும் யானை சுவாமியைப் பார்க்காமல் வெளியேதானே பார்க்கிறது என்பார்கள். தெய்வானைக்குச் சீராக ஐராவதத்தைக் கொடுத்தபின் தன் செல்வம் தேய்வதைக் கண்ட இந்திரன், அதன் பார்வையாவது தன் பக்கம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். அதனால் அது அப்படி. கேபினட் விசிறிக்காக இந்திரன் எதுவும் வேண்டியதாகப் புராணத்தில் இல்லை.

வெயிலோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பஞ்சு. திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் விசைத்தறி ஓடும் வீடுகள் ஏராளம். தறியிலிருந்து பறக்கும் நூல்தூசு கண்ணுக்குத் தெரியாது. கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு பருவம் தங்கி மெத்தையாகப் படிந்தபின்தான் தெரியும். சல்லடை முகப்பில் கழற்றிக் கழுவும் வடிகட்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. எந்த விமர்சகரும் இதைச் சோதித்ததில்லை. அவர்கள் வீட்டில் தறி இல்லை.

இரண்டாம் காரணி மின்சாரம். இது உள்ளே வரும் வாயில் எஸ்எம்பிஎஸ். ஏழு அங்கங்களில் இதற்கு மட்டும் ரசிகர் இல்லை. யாரும் நண்பனைக் கூப்பிட்டு எஸ்எம்பிஎஸ்ஸைக் காட்டுவதில்லை. கேபினட் வாங்கினால் அதோடு ஒன்றைச் சேர்த்தே கொடுக்கும் வழக்கமும் உண்டு. அதன் முதுகில் "450 வாட்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், ஒரு கட்டம் இருக்கும். இத்துறையின் மூலபாடம் அந்தக் கட்டமே. மேலே இருப்பது பிற்சேர்க்கை. 12 வோல்ட் என்ற வரிசையில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பெருக்கிப் பார்த்தால் 192 வாட். ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் தீனி போடுவது அந்த 12 வோல்ட் வரிசைதான். 5600 ப்ராசசர் அதிகபட்சம் 76 வாட் இழுக்கும். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். கூட்டினால் 208. முதுகில் இருக்கும் 450 எங்கே போனது என்று கேட்டால் கடைக்காரர் ஸ்டிக்கரைக் காட்டுவார். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது கணினி சட்டென்று அணைந்து போவதைப் பேய், வைரஸ், விண்டோஸ் என்று பலவாறு விளக்குவர். இந்தக் கூட்டல் கணக்கே முதல் சந்தேகத்துக்குரியது. ஆகவே 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ள எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். மீட்டரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில், பாதிச் சுமையில், 85 சதவீதமாவது உள்ளே போய்ச் சேரும் என்பது அந்த முத்திரைக்குப் பொருள். மிச்சம் சூடாகும். சூடு பற்றி மேலே சொல்லியாயிற்று.

மின்சாரத்துக்கு இன்னொரு வாயில் உண்டு, அது பில். இங்கே இரண்டாம் காரணி மூன்றாம் காரணியோடு கலக்கிறது. கார்டு போட்ட கணினி ஆடும்போது மானிட்டரையும் சேர்த்துச் சுமார் 300 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு நான்கு மணி நேரம் என்றால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72. 2016இல் ஜெயலலிதா வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாக்கினார் என்பதால் இதைச் சிறிய எண் என்று பையன் வாதாடுவான். அப்பா அந்த வலையில் விழ மாட்டார். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையான பழைய யூனிட்டுகளுக்கும் விலை ஏறும் என்பதை அவர் அறிவார். வழக்கமாக 450இல் நிற்கும் வீடு இந்த 72ஐச் சேர்த்து 522இல் போய் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குக் கால்குலேட்டர் இல்லாமல் தெரியும்.

அப்பாவை இதுவரை எந்த ஆய்வும் தொழில்நுட்பக் காரணியாக எடுத்துக்கொள்ளவில்லை. தடை என்றே கருதினார்கள். சில வீடுகளில் அப்பா, தெலுங்கு பேசும் வீடுகளில் நைனா. பெயர் எதுவானாலும் விசாரணை ஒன்றுதான்.

"எவ்ளோடா ஆவும்?"

"நாப்பதாயிரம்பா."

"இதுல படிக்க முடியுமா?"

"கோடிங் பண்லாம்பா. ஏஐ எல்லாம் ஓடும்."

"அக்கா லேப்டாப்ல ஓடலயா?"

மூன்றாம் கேள்விக்கு இதுவரை எழுதப்பட்ட எந்த நூலிலும் விடை இல்லை. ஆனால் அப்பா அதற்குப் பிறகு போடும் நிபந்தனைகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். கல்யாண மண்டபம் மாதிரி விளக்கெரியும் பெட்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார்: கண்ணாடி முகப்பு ஒழிந்தது, காற்று வந்தது. பில் இல்லாமல் எதையும் வாங்கக்கூடாது என்கிறார்: ட்ரே ஒழிந்தது, வாரண்டி வந்தது. கரண்ட் பில் ஏறக்கூடாது என்கிறார்: 65 வாட் வகுப்பு ப்ராசசர் உறுதியாயிற்று. யாரோ ஓட்டித் தேய்த்த பொருளுக்குப் பணம் தர மாட்டேன் என்கிறார்: நாணயம் தோண்டிய கார்டு வாசலோடு நின்றது. கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு மனிதர், கேமிங்கைத் தடுக்கும் ஒரே நோக்கத்தோடு போடும் நிபந்தனை ஒவ்வொன்றும் கேமிங் கணினிக்குச் சரியான பாகத்தையே தேர்ந்தெடுத்துத் தருகிறது. அப்பாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம், நிபந்தனைகளை மாற்றிவிடுவார்.

கடைசி நிபந்தனையைப் பையன்கள் எளிதில் ஏற்பதில்லை. புதுக் கார்டுக்குப் பணம் பற்றாது, பழையதில்தான் ஆசை. மின்சார ரயிலில் அரக்கோணம், திருவள்ளூர் வழியாகச் சென்னை போய் மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் இறங்குவார்கள். பழைய புத்தகத்திலிருந்து பழைய கிராமபோன் வரை விற்ற மூர் மார்க்கெட் 1985இல் தீயில் அழிந்த இடம் அது. அங்கே இறங்கிச் சிந்தாதிரிப்பேட்டை வழியே ரிச்சி தெருவுக்கு நடக்கும்போதே பழம்பொருள் வாங்கும் மரபு அவர்கள் காலைப் பிடித்துக்கொள்கிறது போலும்.

பழைய கார்டுச் சந்தையில் முதல் இடர் பாடபேதம். ஏட்டுச் சுவடி ஆய்வாளருக்கு இது பழக்கமான நோய்: தலைப்பு ஒன்று, உள்ளே பாடம் வேறு. ஆர்எக்ஸ் 580 என்ற கார்டு 2017இல் வந்தது. உள்ளே 2304 கணக்குக் கருக்கள். 2018இல் சீனச் சந்தைக்கென்று அதே பெயரில் 2048 கருக்களோடு ஒன்று வந்தது. அது உண்மையில் தம்பி 570. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். பெயருக்குப் பின்னால் 2048எஸ்பி என்று ஒரு வால் உண்டு, விற்பவர் வாயில் அந்த வால் வராது. ஜிடி 1030 இதைவிட மோசம். 2017இல் வந்த பிரதியில் நினைவகம் நொடிக்கு 48 ஜிபி வேகத்தில் தகவலைக் கடத்தும். 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகம் போட்டு வந்த பிரதியில் 16.8 ஜிபி மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், அட்டைப்பெட்டி ஒன்றுபோல. புதுச் சரக்கும் தப்பவில்லை. ஆர்டிஎக்ஸ் 3050 என்று 2022இல் வந்தது 8 ஜிபி, 2560 கரு. 2024இல் வந்தது 6 ஜிபி, 2304 கரு. இந்த இரண்டாம் பிரதிக்கு மட்டும் ஒரு பரிந்துரை செய்ய வேண்டும்: 70 வாட்தான் குடிக்கும், தனி மின்கம்பி வேண்டாம். வேகம் குறைவு, ஆனால் வெயிலும் பில்லும் அதை ஏற்றுக்கொள்ளும்.

எழுத்து வால்களைப் பற்றியும் சுருக்கமாக. இன்டெல் ப்ராசசரில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. ஏஎம்டியின் 5600ஜி போன்றவற்றில் ஜி இருந்தால் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. ஐ3-12100எஃப் வாங்கிப் பழைய கார்டு போடச் சொல்வது யூடியூப் மதம். கணக்குப்படி அதுதான் வேகம். கார்டு ஒரு நாள் படுத்தால் மறுநாள் செமஸ்டர் ரெக்கார்டு அடிக்கவும் வழியில்லாமல் பெட்டி ஊமையாகும், அன்று அப்பாவின் மூன்றாம் கேள்வி திரும்ப வரும். நான் 5600ஜி பக்கம். கார்டு இல்லாமலே வேலோரண்ட் நன்றாக ஓடும், ஜிடிஏ 5 அடக்கமான அமைப்பில் ஓடும். உச்ச வெப்ப வரம்பு 95. திருத்தணிக்கு அந்த ஐந்து டிகிரி கூடுதல் பொறுமை பெரிது. கார்டைப் பிறகு, நல்ல மார்க் வந்த ஒரு செமஸ்டரின் ஈரம் காய்வதற்குள் கேட்டு வாங்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் எட்டு முனைக் கம்பி இருப்பதை இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். 5600ஜி பழைய மூன்றாம் தலைமுறைப் பாதையில்தான் கார்டோடு பேசும் என்று ஒரு மறுப்பு எழலாம். ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டில் அதனால் கொஞ்சம் வேகம் குறையும். குறையட்டும்.

இந்த வழியில் போகிறவர் ராமில் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது; ராமிடம் கடன் வாங்கித்தான் படம் வரையும். டிடிஆர்4 3200 ராம் ஒற்றைக் குச்சியாகப் போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி, அதையே இரண்டு எட்டாகப் போட்டால் 51.2. ஒரே பதினாறு ஜிபி குச்சியைச் செருகி ஓட்டுவது ஒரு பக்கம் மட்டும் பால்குடம் கட்டிய காவடியைத் தூக்கிக்கொண்டு 365 படி ஏறுவதற்கு ஒப்பாகும். ஏறலாம், இடுப்பு போய்விடும். இந்த உபதேசம் எளிதாக இருந்த காலமும் போயிற்று. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் உலக ராமையெல்லாம் வாரிக்கொண்டதில் விலை ஏறியது. மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்ததையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. "ஏஐ எல்லாம் ஓடும்பா" என்று அப்பாவிடம் சொன்ன பையன், அந்த ஏஐயாலேயே ராம் வாங்க முடியாமல் நிற்பதில் ஒரு நீதி இருக்கத்தான் செய்கிறது.

எல்லைப் பிரச்சினை ஒன்று பாக்கி. நகரி தாண்டி, புத்தூர் தாண்டித் திருப்பதியில் வாங்கினால் மலிவு என்று நம்பும் ஒரு பிரிவு ஊரில் உண்டு. ஆந்திராவிலும் ஜிஎஸ்டி அதே 18தான். பழுதானால் திரும்பவும் எல்லை தாண்ட வேண்டும். ம.பொ.சி. இத்தனை பாடுபட்டு இந்தப் பக்கம் கொண்டுவந்த ஊரை ஒரு மதர்போர்டுக்காக அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போவது எனக்கு உவப்பாக இல்லை. சென்னைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ஆடிக் கிருத்திகைக்கு முன்பின் நாட்களில் கேபினட் வாங்கித் திரும்பாதீர்கள். அரக்கோணத்துக்கு அப்பால் அந்த ரயிலில் புஷ்பக் காவடிகளுக்கே இடம் போதாது. மடியில் கண்ணாடி இல்லாத கேபினட் இருப்பதற்கு அங்கேயும் அப்பாவுக்கு நன்றி சொல்ல நேரும்.

இனி, எல்லைக்கு வெளியே தள்ளிவைத்த மானிட்டர். அது தொகையில் சேராது என்றதும் எல்லா மதத்தாரும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெட்டி வீடு வந்து சேர்ந்தபின்தான் பார்க்க ஒன்றும் இல்லை என்பது தெரிகிறது. பையன் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று வாங்கி ஹால் டிவியில் செருகுகிறான். 144 ஹெர்ட்ஸா 165 ஹெர்ட்ஸா என்று மாதக்கணக்கில் நடந்த வாதம் அங்கே 60 ஹெர்ட்ஸில் முடிகிறது. முடிவது அது மட்டுமா? ஹால் கீழ்த்தளத்தில் இருப்பதால் மொட்டை மாடி வெயில் கணக்கு செல்லாது. மாலை ஆறிலிருந்து பத்து வரை சீரியல் ஓடுவதால் நான்கு மணி நேர மின்சாரக் கணக்கு செல்லாது. அப்பா அதே ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் கோடிங் கதையும் செல்லாது. முக்காரணிக் கோட்பாட்டை இப்படி ஒரே ரிமோட்டால் கவிழ்க்கும் நான்காம் காரணி அம்மா. இதற்குத் தனி ஆய்வு தேவை. இப்போதைக்குக் களத்தில் சேகரித்த ஒரு குறிப்பு மட்டும். ஆட்டம் தாமதமில்லாமல் ஓட, டிவியின் பட அமைப்பை "கேம்" என்று மாற்றுவது வழக்கம். ஆடி முடித்ததும் அதைப் பழையபடி "ஸ்டாண்டர்டு" என்று வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். மறந்தால் மறுநாள் மாலை ஆறு மணி இரண்டு நிமிடத்துக்குக் குரல் வரும்:

"டேய், என்னடா பண்ணி வெச்ச டிவிய? எல்லார் மூஞ்சியும் வெளுத்துப்போயி கெடக்குது. மொதல்ல அந்த ஒயர புடுங்கு."